சாம்சாவின் 12 வாரக் கோப மேலாண்மைக் கையேடு: எது உதவும், எங்கே கைவிடும்

அமெரிக்க அரசில் போதைப் பழக்கத்தையும் மனநலத்தையும் கவனிக்கும் அமைப்பு சாம்சா. அது 2002-ல் வெளியிட்டு 2019-ல் திருத்திய கோப மேலாண்மைத் தொகுப்பு இரண்டு புத்தகங்களாகக் கிடைக்கிறது. ஒன்று குழுவை நடத்துபவருக்கு, இன்னொன்று பயிற்சிக்கு வருபவர் எழுதி நிரப்பும் ஏடு. எழுதியவர்கள் பேட்ரிக் ரெய்லியும் மைக்கேல் ஷாப்ஷயரும். சான் பிரான்சிஸ்கோவில் முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவமனையில், போதைச் சிகிச்சைக்கு வந்தவர்களோடு வேலை செய்து உருவாக்கிய திட்டம் இது. இரண்டு புத்தகங்களையும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.

இலவசமாகக் கிடைக்கும் கோபப் பயிற்சி நூல்களில் இதைவிடக் கைக்கு உதவுகிற ஒன்றைச் சொல்வது கடினம். தத்துவம் குறைவு, செய்ய வேண்டிய வேலை அதிகம். ஆனால் அதைத் திறந்து முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தால் ஒன்றும் நடக்காது. சில பகுதிகளைப் பிடித்துக்கொள்ள வேண்டும், சிலவற்றை வரிசை மாற்ற வேண்டும், ஒன்றைத் தள்ளிவிடலாம். சிலர் இந்தப் புத்தகத்தைத் தொடுவதற்கு முன் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

முதலில் அந்தச் சிலரைப் பற்றி. "மூக்குக்கு மேல் கோபம் வரும்" என்று ஊர் சொல்கிற எல்லோருக்கும் நோய் இருப்பதில்லை. மனநல மருத்துவத்தில் ஐ.இ.டி. என்று சுருக்கிச் சொல்லும் வெடிகோபக் கோளாறுக்குக் கணக்கு உண்டு. மனநோய்களை அடையாளம் காண மருத்துவர்கள் பின்பற்றும் அமெரிக்கக் கையேடான டி.எஸ்.எம்.-5 சொல்வது இது: திட்டுவது, கத்துவது, பொருளும் ஆளும் சேதமாகாத அளவுக்குக் கை ஓங்குவது போன்றவை சராசரியாக வாரத்துக்கு இரண்டு தடவை, மூன்று மாதம் தொடர்ந்து நடக்க வேண்டும். அல்லது பொருளை உடைக்கிற, ஆளையோ விலங்கையோ காயப்படுத்துகிற வெடிப்பு 12 மாதத்தில் மூன்று நடந்திருக்க வேண்டும். கோபம், அதைக் கிளப்பிய விஷயத்துக்குப் பொருந்தாத அளவுக்கு இருக்க வேண்டும். வயது குறைந்தது ஆறு ஆகியிருக்க வேண்டும். முக்கியமாக, அது முன்கூட்டி யோசித்துச் செய்ததாக இருக்கக் கூடாது.

இந்தக் கடைசி நிபந்தனைதான் வீடுகளில் அதிகம் குழப்பப்படுவது. மேலதிகாரி எவ்வளவு ஏசினாலும் தலை குனிந்து நிற்கிறவர், வீட்டு வாசலைத் தாண்டியதும் மனைவி மேல் மட்டும் கை வைக்கிறார், அதுவும் சாட்சி இல்லாத நேரம் பார்த்து என்றால், அங்கே கட்டுப்பாடு போய்விட்டது என்று சொல்ல முடியாது. கட்டுப்பாடு நன்றாகவே வேலை செய்கிறது. அடக்கி வைப்பதற்காகப் பயன்படுத்தும் வன்முறைக்கு இந்தப் புத்தகம் மருந்தில்லை. அப்படிப்பட்டவர் இதைப் படித்தால் "எனக்குக் கோப வியாதி" என்று சொல்லிக்கொள்ளப் புதிய சொல் ஒன்று கிடைத்ததுதான் மிச்சமாக இருக்கும்.

நோய் இருக்கிறவர்களில் பலர் கோபத்துக்காகச் சிகிச்சைக்கு வருவதே இல்லை. ரொனால்ட் கெஸ்லர் குழு அமெரிக்காவில் 9,282 பெரியவர்களிடம் நடத்திய கணக்கெடுப்பின் முடிவு 2006-ல் வந்தது. வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் இந்தக் கோளாறு இருந்தவர்கள் 7.3 சதவீதம். தொடங்கிய வயது சராசரியாக 14. அவர்களில் கோபத்துக்கென்று சிகிச்சை பெற்றவர்கள் 28.8 சதவீதம்தான். மனம் சோர்ந்தது என்றோ குடியை நிறுத்த வேண்டும் என்றோ மருத்துவரிடம் போகிறார்கள். கோபம் "என் குணம்" என்ற கணக்கில் பேசப்படாமலே போய்விடுகிறது. போதைச் சிகிச்சைப் பிரிவுக்குள்ளிருந்தே ஒரு கோபப் பயிற்சி நூல் கிளம்பியதன் அருமை இங்கேதான்.

இனி உள்ளே என்ன இருக்கிறது. வாரம் ஒரு அமர்வு, ஒவ்வொன்றும் 90 நிமிடம், மொத்தம் 12. குழுவில் எட்டுப் பேர் இருந்தால் நல்லது, ஐந்திலிருந்து பத்து வரை இருக்கலாம் என்கிறது. மூன்று அமர்வுக்கு மேல் தவறவிடக் கூடாது. மிரட்டல், அடிதடி கூடாது. உள்ளே பேசியது வெளியே போகக் கூடாது. ஆறாவது, பதினோராவது வாரங்கள் புதிதாக எதுவும் இல்லாமல் பழையதைத் திரும்பப் பார்க்க ஒதுக்கப்பட்டவை. அவசரக்காரர்கள் தாண்டிவிட நினைக்கும் வாரங்கள் அவை. தாண்டக் கூடாது. மூன்றாம் வாரத்தில் எழுதிய திட்டம் நடைமுறையில் எங்கே ஓட்டை விட்டது என்று பார்க்கிற இடம் அதுதான்.

இந்த நூலின் உயிர் கோப மீட்டர். 1 என்றால் முழு அமைதி. 10 என்றால் கட்டுப்பாடு இழந்து வெடித்து, அதன் விளைவையும் அனுபவித்த நிலை. அதாவது தட்டைத் தூக்கி எறிந்துவிட்டு "7 இருக்கும்" என்று எழுத முடியாது. எறிந்தாயிற்று என்றால் அது 10. ஒவ்வொரு வாரமும் அமர்வு தொடங்கும்போது ஒவ்வொருவரும் சொல்ல வேண்டியவை: இந்த வாரம் மீட்டர் எட்டிய உச்ச எண் என்ன, எந்த நிகழ்வு கிளப்பியது, உடம்பும் மனசும் என்ன அடையாளம் காட்டின, 10-ஐத் தொடாமல் இருக்க என்ன செய்தீர்கள். அடையாளங்களை நான்காகப் பிரிக்கிறது புத்தகம்: உடல், நடத்தை, உணர்வு, எண்ணம்.

நிரப்பிய தாள் எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு மாதிரி:

"புதன் இரவு. மீட்டர்: 8. நிகழ்வு: கரண்ட் பில் கட்டினாயா என்று அப்பா இரண்டாம் தடவை கேட்டார். உடல்: காது சூடானது, தாடை இறுகியது, உள்ளங்கை வியர்த்தது. நடத்தை: எழுந்து குறுக்கும் நெடுக்கும் நடந்தேன், குரல் ஏறியது, கதவை ஓங்கிச் சாத்தினேன். உணர்வு: அவமானம். எண்ணம்: எதற்கும் லாயக்கில்லாதவன் என்று என்னை நினைக்கிறார். செய்தது: மொட்டை மாடிக்குப் போனேன், கதவைச் சாத்திய பிறகு."

இந்தத் தாளில் மிகவும் விலை மதிப்புள்ளது "கதவைச் சாத்திய பிறகு" என்ற கடைசிச் சொற்கள். மாடிக்குப் போகத் தெரிகிறது, நேரம்தான் தப்பிப்போகிறது. காது சூடாவதுதான் முதல் அடையாளம் என்றால், அந்த நேரத்தில் மீட்டர் அநேகமாக 4 அல்லது 5. அடுத்த வாரத்துக்கு ஒரே வேலை: காது சூடானதும் எழுந்து போவது. கதவு அப்போது கைக்கு எட்டும் தூரத்தில் இருக்காது. கோபத்தையே வர விடாமல் செய்வது இந்தப் பயிற்சியின் இலக்கு கிடையாது. 4-க்கும் 6-க்கும் நடுவில் ஏதாவது செய்யப் பழகுவதே இலக்கு. 8-க்கு மேல் போய்விட்டால் புத்தகத்தில் உள்ள எந்த உத்தியும் நினைவுக்கு வராது.

தாளை நிரப்புவதில் நடக்கும் தவறுகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். நிகழ்வு என்ற இடத்தில் "அப்பா என்னைக் கேவலப்படுத்தினார்" என்று எழுதுவார்கள். அது நிகழ்வில்லை, தீர்ப்பு. கேமரா வைத்திருந்தால் என்ன பதிவாகியிருக்குமோ அதை மட்டும் எழுத வேண்டும்: "இரண்டாம் தடவை கேட்டார்". உணர்வு என்ற இடத்தில் "கோபம்" என்று எழுதுவார்கள். கோபத் தாளில் கோபம் என்று எழுதினால் எதுவும் தெரிய வராது. அதன் அடியில் இருக்கும் பயம், அவமானம், ஏமாற்றம், பொறாமை ஆகியவற்றில் எது என்று தோண்ட வேண்டும். பெரிய சண்டைகளை மட்டும் எழுதுவது இன்னொரு தவறு. ஏடு ஒவ்வொரு நாளின் உச்ச எண்ணையும் குறிக்கச் சொல்கிறது, ஆனால் நிகழ்வையும் அடையாளங்களையும் வாரத்தின் உச்சத்துக்கு மட்டும்தான் கேட்கிறது. 5 வரை போய்த் தானாக இறங்கிய நாட்களும் தாளில் ஏற வேண்டும். என்ன செய்ததால் இறங்கியது என்பதைச் சொல்லும் நாட்கள் அவைதான். தினமும் படுக்கும் முன் அந்த நாளின் எண்ணோடு ஒரு வரியையும் எழுதிவைத்தால் இந்தக் குறை சரியாகும்.

மூன்றாவது வாரத்தில் தனக்கான கட்டுப்பாட்டுத் திட்டத்தை எழுதச் சொல்கிறது. அதோடு டைம் அவுட், மூச்சுப் பயிற்சி. இங்கே எனக்கு ஒரு ஆட்சேபம் உண்டு. வாரத்துக்கு இரண்டு தடவை வெடிக்கிறவருக்கு முதல் இரண்டு வாரமும் விளக்கம் மட்டும் கொடுத்து வீட்டுக்கு அனுப்புவது சரியில்லை. டைம் அவுட்டை முதல் நாளே சொல்லிக்கொடுத்துவிட வேண்டும். தனியாகப் படிப்பவர் மூன்றாம் அமர்வை முதலில் படித்துவிட்டு ஒன்றாம் அமர்வுக்குத் திரும்பலாம்.

டைம் அவுட் என்பது கோபித்துக்கொண்டு வெளியே போவது என்று நினைப்பதால்தான் பல வீடுகளில் அது சண்டையைப் பெரிதாக்குகிறது. அமைதியாக இருக்கும் ஒரு நாளில் இரண்டு பேரும் உட்கார்ந்து முன்கூட்டியே பேசி முடிவு செய்த ஏற்பாடு அது. யார் வேண்டுமானாலும் கூப்பிடலாம், கூப்பிட்டதும் பேச்சு நிற்க வேண்டும், போகிறவர் திரும்பி வந்து பேச்சை முடிக்க வேண்டும், இல்லையென்றால் எப்போது பேசலாம் என்று சொல்ல வேண்டும் என்கிறது நூல். திரும்பி வருவதை விட்டுவிட்டால் மிச்சமிருப்பது வெறும் வாயடைப்பு. மனைவி ஒரு விஷயத்தை எடுத்த ஒவ்வொரு தடவையும் "டைம் அவுட்" என்று சொல்லிவிட்டுப் போய், அந்த விஷயத்துக்குத் திரும்பவே இல்லை என்றால், அந்த ஆள் பயிற்சியை ஆயுதமாக்கிவிட்டார்.

நூல் தராத சில நடைமுறை விவரங்களையும் சேர்க்க வேண்டும். உடம்பின் படபடப்பு அடங்க இருபது நிமிடமாவது பிடிக்கும். அதனால் "அரை மணி நேரத்தில் வருகிறேன்" என்று நேரம் சொல்லிவிட்டுப் போவது நல்லது. சொல்லும் வாக்கியம் தன்னைப் பற்றியதாக இருக்க வேண்டும்: "எனக்கு ஏறுது, கொஞ்ச நேரம் போய்ட்டு வர்றேன்." "உன்னோட பேச முடியாது" என்று சொன்னால் அதுவே அடுத்த சண்டை. ஒரே அறை உள்ள வீட்டில், மாமனார் மாமியாரோடு இருக்கும் வீட்டில் எங்கே போவது என்பதை முன்பே தீர்மானித்திருக்க வேண்டும். மொட்டை மாடி, தெருமுனை, கோயில் திண்ணை, எதுவாகவும் இருக்கலாம். பைக் சாவியை வீட்டிலேயே வைத்துவிட்டு நடந்து போக வேண்டும். டாஸ்மாக் திசை கூடாது. போனதும் தங்கைக்கு வாட்ஸ்அப்பில் நடந்ததை எல்லாம் குரல் பதிவாக அனுப்பிக்கொண்டிருந்தால் உடம்பு மாடியில் இருக்கும், மீட்டர் 8-லேயே நிற்கும்.

மூச்சுப் பயிற்சியில் தவறாகப் போவது ஒன்றுதான்: முதல் தடவை செய்து பார்ப்பதே சண்டை நடுவில் என்பது. அது வேலை செய்யாது, "இதெல்லாம் சும்மா" என்ற முடிவுக்கும் வந்துவிடுவார்கள். மீட்டர் 2-ல் இருக்கும் நேரத்தில், தினமும் காலையும் இரவும் ஐந்து நிமிடம், வெளியே விடும் மூச்சு உள்ளிழுப்பதைவிட நீளமாக இருக்கும்படி பழகினால்தான் 5-ல் கைகொடுக்கும். நான்காம் வாரத்தில் தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சி வருகிறது. முஷ்டியில் தொடங்கி ஒவ்வொரு பகுதியாக இறுக்கி, சில விநாடி வைத்திருந்து விடுவது. எண்ணங்களோடு மல்லுக்கட்ட முடியாதவர்களுக்கு, கல்விப் பழக்கம் குறைந்தவர்களுக்கு, புத்தகத்தில் உள்ள எல்லாவற்றையும்விட இது சீக்கிரம் பிடிபடும். கழுத்து, மூட்டு வலி உள்ளவர்கள் அந்த இடத்தை மட்டும் விட்டுவிடலாம்.

ஐந்தாவது வாரம் அமெரிக்க உளவியலாளர் ஆல்பர்ட் எல்லிஸின் ஏ-பி-சி-டி முறை. ஏ நிகழ்வு, பி அதைப் பற்றி நமக்குள்ள நம்பிக்கை, சி அதனால் வரும் உணர்வும் செயலும், டி அந்த நம்பிக்கையோடு வாதாடுவது. மனைவி மூன்று தடவை போனை எடுக்கவில்லை என்பது ஏ. "வேண்டுமென்றே என்னை மதிக்காமல் இருக்கிறாள்" என்பது பி. வந்ததும் அவள் போனைச் சுவரில் அடித்தது சி. வெடிகோபக் கோளாறு உள்ளவர்கள் மற்றவர் செயலில் பகைமையைச் சட்டென்று படித்துவிடுகிறார்கள் என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம். அதனால் இந்த முறை சரியான இடத்தில்தான் கை வைக்கிறது. எமில் கொக்காரோ குழு 2007-ல் செய்த ஸ்கேன் ஆய்வில் கோப முகங்களைக் காட்டியபோது இந்தக் கோளாறு உள்ளவர்களுக்கு மூளையில் ஆபத்தை உணரும் அமிக்டலா அதிகமாகவும், அதைக் கட்டுப்படுத்த வேண்டிய முன்பகுதி குறைவாகவும் இயங்கின.

ஆனால் டி-யை நூல் காட்டுகிற மாதிரி நிதானமாக வாதாடி எழுதுவது சண்டை முடிந்த மறுநாள் மேசையில்தான் முடியும். அதை எழுத வேண்டியது அவசியம், எழுதியதோடு நிறுத்தக் கூடாது. எழுதியதிலிருந்து மூன்று நான்கு சொல்லில் ஒரு வரியைப் பிழிந்தெடுக்க வேண்டும். "பஸ்ஸில் இருப்பாள்." "சத்தத்தில் கேட்டிருக்காது." அந்த வரி, அந்த நிகழ்வுக்கென்று தயாராக, வாயில் இருக்க வேண்டும். "எல்லாம் நன்மைக்கே" மாதிரிப் பொது வரிகள் 5-ஐத் தாண்டிய ஆளுக்கு எரிச்சலைத்தான் கூட்டும்.

இதே அமர்வில் வரும் எண்ணத்தை நிறுத்தும் உத்தியைத் தள்ளிவிடலாம் என்பது என் கருத்து. "நிறுத்து" என்று மனதுக்குள் உத்தரவு போடச் சொல்கிறது. அடக்கிய எண்ணம் திரும்பத் தலைதூக்கும் என்பதை மனவியல் ஆய்வுகள் நெடுநாளாகக் காட்டிவருகின்றன. யோசித்து யோசித்துப் பழையதை மென்றுகொண்டே இருக்கிறவர்களுக்கு அது இன்னும் மோசமாகும். உத்தரவு போடுவதற்குப் பதில் கைக்கு ஒரு வேலை கொடுப்பது மேல். பாத்திரம் கழுவலாம், குளிர்ந்த தண்ணீரில் முகம் கழுவலாம்.

முதல் அமர்வில் உள்ள நான்கு கட்டுக்கதைகளில் நான்காவதற்காகவே இந்த நூலைப் பாராட்ட வேண்டும். கோபத்தைக் கொட்டித் தீர்த்தால் குறையும் என்பது தவறு என்று அது அப்போதே சொன்னது. 2002-ல் பிராட் புஷ்மன் செய்த சோதனையில், கோபமூட்டியவரை நினைத்துக்கொண்டு குத்துப் பையைக் குத்தியவர்களுக்குக் கோபம் கூடியது. சும்மா உட்கார்ந்திருந்தவர்கள் அவர்களைவிட நன்றாக இருந்தார்கள். 2024-ல் சோஃபி கியார்விக்கோடு சேர்ந்து 154 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும், படபடப்பைக் குறைக்கும் செயல்கள் கோபத்தைக் குறைத்தன, ஓடுவது மாதிரி உடம்பைச் சூடாக்கும் செயல்கள் அப்படிக் குறைக்கவில்லை. காசு வாங்கிக்கொண்டு பழைய டிவியையும் பாட்டிலையும் உடைக்கவிடும் 'ரேஜ் ரூம்'கள் நம் பெருநகரங்களுக்கும் வந்துவிட்டன. சாதாரண ஆளுக்கு அது ஒரு பொழுதுபோக்காக இருந்துவிட்டுப் போகட்டும். கை நீளும் பழக்கம் உள்ளவருக்கு அது எதிர்த்திசைப் பயிற்சி.

முதல் கட்டுக்கதையை மட்டும் அப்படியே ஏற்க முடியாது. கோபம் பரம்பரையாக வருவதில்லை, கற்றுக்கொண்டது என்று நூல் சொல்கிறது. இரட்டையர் ஆய்வுகளில் சட்டென்று வெடிக்கும் குணத்துக்கு மரபணுவின் பங்கு தெளிவாகவே தெரிகிறது. நடந்துகொள்ளும் விதத்தை மாற்றலாம் என்று சொல்ல அதை மறுக்க வேண்டிய தேவையே இல்லை.

ஏழு, எட்டாம் வாரங்களில் அடித்துப் பேசாமலும் அடங்கிப் போகாமலும் உள்ளதைச் சொல்லப் பழக்குகிறார்கள். பிரச்சினை என்ன, அதனால் என்ன உணர்கிறேன், என் வாழ்க்கையில் என்ன பாதிப்பு, இதைத் தீர்க்க வேண்டுமா விட்டுவிடலாமா, எப்படித் தீர்ப்பது என்று ஐந்து படி. நான்காம் படி அருமையானது. எல்லாச் சண்டையையும் தீர்க்க வேண்டியதில்லை. எதிராளியின் முகத்தைப் பார்த்து நேராகச் சொல்வது என்ற பகுதி நம் வீடுகளில் அப்படியே செல்லாது. மாமனாரிடம் மருமகன், முதலாளியிடம் கடைப் பையன் பேசுவதற்கு வேறு வாக்கியங்கள் வேண்டும், சில சமயம் நடுவில் பேச அத்தையோ பெரியப்பாவோ வேண்டும். அதை அந்தந்த வீட்டுக்கு ஏற்ப எழுதிப் பழக வேண்டியதுதான்.

ஒன்பது, பத்தாம் வாரங்கள் குடும்பம் பற்றியவை. அப்பா கோபத்தை எப்படிக் காட்டினார், அம்மா எப்படி, தவறு செய்தால் என்ன தண்டனை, ஆண்களைப் பற்றியும் பெண்களைப் பற்றியும் என்ன கற்றுக்கொண்டீர்கள், அதில் எது இப்போதும் உங்கள் வீட்டில் தொடர்கிறது என்று வரிசையாகக் கேள்விகள். புத்தகத்தின் கனமான பகுதி இது. தனியாகச் செய்யக் கூடாத பகுதியும் இதுதான். பெல்ட் அடி வாங்கி வளர்ந்தவர் இந்தக் கேள்விகளை இரவு பதினொரு மணிக்குத் தனியாக உட்கார்ந்து நிரப்பினால் பழையதெல்லாம் கிளம்பிவிடும், பிடித்துக்கொள்ள ஆள் இருக்காது.

பலன் எந்த அளவுக்கு? இந்தத் திட்டத்தால் கோபமும் வன்முறையும் குறைந்ததாக நூல் சொல்வது, வந்தவர்கள் தாமே சொன்னதை வைத்து. கூட இருப்பவர்களைக் கேட்டால் கணக்கு வேறாக இருக்கலாம். இதே மாதிரிப் பொருள்களைக் கொண்ட வேறொரு 12 வார சிகிச்சையை, வெடிகோபக் கோளாறு உறுதியான 45 பேரிடம் மைக்கேல் மெக்லாஸ்கி குழு சோதித்து 2008-ல் வெளியிட்டது. தனியாகப் பெற்றவர்களுக்கும் குழுவாகப் பெற்றவர்களுக்கும், காத்திருப்போர் பட்டியலில் இருந்தவர்களைவிடக் கோபமும் தாக்குதலும் குறைந்தன. மூன்று மாதம் கழித்தும் பலன் நின்றது. அடிப்படை சரியாக இருக்கிறது என்று நம்ப இது போதும்.

மருந்தைப் பற்றி நூல் பேசுவதில்லை, வாசகர் பேச வேண்டும். கொக்காரோ குழு 100 பேரிடம் 12 வாரம் நடத்தி 2009-ல் வெளியிட்ட ஆய்வில், மனச்சோர்வுக்குக் கொடுக்கும் ஃப்ளுவாக்ஸெடின் எடுத்தவர்களில் 46 சதவீதம் பேருக்கு வெடிப்பு முழுமையாகவோ பகுதியாகவோ அடங்கியது. பாதிக்கு மேல் அப்படி அடங்கவில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். பலன் தெரியச் சில வாரம் ஆகும், கோபம் வந்த அன்று மட்டும் போடும் மாத்திரை அது கிடையாது. இருதுருவக் கோளாறு மறைந்திருக்கும் ஆளுக்கு அது மேனியா என்ற அளவு மீறிய மனக்கிளர்ச்சியைக் கிளப்பிவிடலாம். இளம் வயதினருக்குத் தொடக்கத்தில் தற்கொலை எண்ணம் கூடுகிறதா என்று கவனிக்க வேண்டும். அதனால் மருத்துவர் இல்லாமல் தொடங்கவோ நிறுத்தவோ கூடாது. தூங்கவைக்க வாங்கிக் கொடுக்கும் அல்பிரசோலாம் வகை மாத்திரைகள் சிலருக்குக் கடிவாளத்தை இன்னும் தளர்த்திவிடும். அதைப் பக்கத்துக் கடையில் வாங்கிக் கொடுக்கவே கூடாது.

மருத்துவரிடம் போகும்போது இரண்டு வாரம் நிரப்பிய தாள்களைக் கொண்டுபோங்கள். ஐந்து நிமிட ஓ.பி.யில் வாயால் சொல்வதைவிட அது அதிகம் சொல்லும். தலையில் அடிபட்டதுண்டா, வலிப்பு உண்டா, தைராய்டு எப்படி, ஸ்டீராய்டு எடுக்கிறாரா, எந்தெந்த நாளில் குடித்திருந்தார், எத்தனை மணி நேரம் தூங்கினார் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். வலிப்புக்குக் கொடுக்கும் லெவெடிரசெட்டம் சிலருக்குக் கடும் எரிச்சலையும் கோபத்தையும் உண்டாக்கும். அந்த மாத்திரை தொடங்கிய மாதத்தில்தான் ஆள் மாறினார் என்றால் மருத்துவருக்கு அது தெரிய வேண்டும். நாற்பது வயது வரை சாந்தமாக இருந்தவருக்குப் புதிதாக வெடிகோபம் வந்தால் பயிற்சி ஏடு பிறகு, பரிசோதனை முதலில்.

குடிக்கும் நாட்களில்தான் வெடிக்கிறது என்றால் குடிக்குச் சிகிச்சை எடுக்காமல் இந்த 12 வாரத்தைத் தொடங்குவது பெரும்பாலும் வீண். நூலே மதுவும் போதையும் இல்லாத நிலையில் குழுவுக்கு வரச் சொல்கிறது. பத்து வயதுப் பிள்ளைக்கு இதைக் கொடுக்கவும் கூடாது. குழந்தைகளுக்கான முறை பெற்றோரின் பழக்கத்தை மாற்றுவதில் தொடங்குகிறது, அது வேறு பாடம். அடி வாங்குகிற மனைவி இந்த ஏட்டை அச்செடுத்துக் கணவர் முன் வைக்கிறார் என்றால் அந்த முயற்சியை நான் தடுக்கவே செய்வேன். அவருக்கு முதலில் தேவை 181 பெண்கள் உதவி எண்ணும், போய் இருக்க ஓர் இடமும். அவரைக் கணவருக்கு ஆசிரியராக்கக் கூடாது.

தமிழில் இதைப் பயன்படுத்த நினைப்பவருக்கு வழி இருக்கிறது. 14416 என்ற, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் உளவியலாளர் இருந்தால், "வாரம் ஒரு தடவை இந்தத் தாளைப் பார்த்துத் தருவீர்களா" என்று கேளுங்கள். குழு கிடைக்காவிட்டாலும், வாரம் அரை மணி நேரம் தாளை வாசித்துக் கேள்வி கேட்க, சண்டையில் சம்பந்தப்படாத ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் இல்லாமல் தொடங்கினால் தாள் எழுதுவது சீக்கிரமே நின்றுபோகும், பயிற்சியும் அதோடு முடிந்தது.

நூல் பொதுச் சொத்து. நகலெடுக்கலாம், மொழிபெயர்க்கலாம், மூலத்தைச் சொன்னால் போதும். அனுமதி இல்லாமல் காசுக்கு விற்கக் கூடாது. ஏதாவது பயிற்சி மையம் இதே மீட்டரையும் இதே நான்கு அடையாளங்களையும் 'எங்கள் சொந்த முறை' என்று பைண்டு செய்து விலைக்குக் கொடுத்தால், புத்தகத்துக்குப் பணம் கொடுக்காதீர்கள். பணம் கொடுப்பதாக இருந்தால் எதிரே உட்கார்ந்து தாளை வாசிக்கிற ஆளின் நேரத்துக்குக் கொடுங்கள்.